கீறியா, கீறேன்

அரசாங்கம் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கிறது. அதையும் வாத்தியார்களை வெயிலில் அலையவிட்டுத் தப்பாக எடுக்கிறது. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் அந்தக் காரியத்தைத் துலுக்கானம் தினமும் காலையில் தனியாளாகச் செய்துவந்தார். சம்பளம், படி, வாகன வசதி எதுவும் கிடையாது. ஒரு சைக்கிள் மணி மட்டும் உண்டு. சைக்கிள் இல்லை.

கணக்கெடுக்கும் முறை எளிது. ஒரு வீட்டு வாசலில் நிற்பார். மணியை இரண்டு தரம் அடிப்பார். "பேபி, கீறியா?" என்பார். இருக்கிறாயா என்பது அந்த ஊர்ப் பேச்சில் அப்படி. உள்ளேயிருந்து பேபி, "கீறேன் அண்ணாத்தே" என்பாள். அவ்வளவுதான், அடுத்த வீடு. பதில் வராவிட்டால் நகரமாட்டார். "வந்துட்டேன்", "இதோ", "இன்னா வோணும்" என்பதெல்லாம் அவர் சட்டத்தில் செல்லாது. கீறேன் என்றால்தான் கீறாய்.

மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காத வீட்டில்கூடத் துலுக்கானத்துக்கு இருவரும் தனித்தனியே பதில் சொன்னார்கள். தண்ணி போட்டுவிட்டு வாசலிலேயே கவிழ்ந்து கிடக்கும் நாகப்பன் மட்டும், "தெர்லயே மாமே, நீயே பாத்து சொல்லு" என்பான். துலுக்கானம் குனிந்து பார்த்து, "கீற" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

இந்த வேலை அவருக்கு எப்படி வந்தது என்பது தங்கை கெங்கம்மாளுக்கு மட்டும் முழுசாகத் தெரியும். துலுக்கானம் ஒரு காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டியவர். ஒரு நைட் ஷிப்டில் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அதற்குப் பிறகு குரல் ஷிப்டு பார்த்து வரவில்லை, எந்நேரமும் வந்தது. கூப்பிடாத ஆள் விளக்கு மாதிரி அணைந்துவிடுவான் என்று சொன்னது. துலுக்கானம் ஊரையே பேர் சொல்லிக் கூவிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடினார். வீட்டில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், கடைசியில் கொல்லைத் தூணில் அவரையே கட்டினார்கள். அதற்கும் பிறகுதான் கீழ்ப்பாக்கம்.

கீழ்ப்பாக்கம் என்பது சென்னையில் ஓர் இடத்தின் பெயர் என்று அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே நம்புகிறார்கள். மற்றவர்களுக்கு அது மனநோய் ஆஸ்பத்திரியின் பெயர். சண்டை வந்தால் வசவு. கெங்கம்மாளுக்கு அது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தூக்குவாளியோடு பஸ் மாறிப் போகிற ஊர். பெண் பார்க்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு அண்ணனைப் பற்றி விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் அடுத்த டீக்கு வரவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஊர் சொன்னது. ஊர் அப்படித்தான் சொல்லும், டீ போட்டது அவள்தானே.

அம்மா செத்த வருஷம் அவள் அண்ணனைக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தாள். மாத்திரையில் குரல் அடங்கிவிட்டது. கூப்பிடும் விஷயம் மட்டும் அடங்கவில்லை. அதை டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்தார்.

"காலைல நாலு பேரை இருக்கியான்னு கேக்கறாரு. அவ்வளவுதானேம்மா? என்னை வீட்ல யாரும் கேக்கறதில்ல" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் துலுக்கானம் தங்கையின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தார். "மறுக்கா அங்க உட மாட்டியே?" என்றார்.

"உட மாட்டேண்ணா."

"மெய்யாலுமே?"

"மெய்யாலுமே."

அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் அவர்கள் இருவரும் குடித்தனம் நடத்தினார்கள்.

ஊருக்குத் தெற்கே வயலைத் தூர்த்து மனை போட்டு அதற்குச் செந்தமிழ் நகர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே முதலில் பேசியவை தவளைகள். அடுத்து வந்தவர் ராஜசேகரன், அரசாங்க ஆலையில் மேற்பார்வையாளர், நகர் நலச் சங்கத்தின் செயலாளர். தூய தமிழில்தான் பேசுவார். கொசுவைக்கூடத் திட்டும்போது இலக்கணம் வழுவமாட்டார்.

புது வீடு என்றால் கணக்கில் சேர்க்க வேண்டாமா? துலுக்கானம் கேட்டில் கைவைத்து மணியடித்தார்.

"ராஜசேகரா, கீறியா?"

செயலாளர் பத்திரிகையை மடித்தார். பைத்தியக்காரன் என்பதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. பெயரின் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'ர்' இல்லாததுதான் குத்தியது. "இருக்கிறேன். தங்களுக்கு என்ன வேண்டும்?" என்றார்.

துலுக்கானம் நகரவில்லை. "கீறியா?"

"இருக்கிறேன் என்று சொன்னேன்."

"அத்த கேக்கல. கீறியா இல்லியா?"

இப்படியே ஆலைச் சங்கு ஊதும் வரைக்கும் போயிருக்கும். நல்லவேளையாக உள்ளே தாளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பத்மா பூந்தமல்லியில் பிறந்தவள். கல்யாணமான நாளிலிருந்து கணவர் திருத்தியும் திருந்தாதவள். கரண்டியோடு எட்டிப்பார்த்து, "அவரு கீறாரு, போப்பா" என்றாள். துலுக்கானம் திருப்தியாக அடுத்த கேட்டுக்குப் போனார். அன்றிலிருந்து ராஜசேகரன் கோவில்பதாகையில் உயிரோடு இருப்பதற்கு மனைவியின் சாட்சி ஒன்றே ஆதாரம் என்று ஆகிவிட்டது. அவர் அதை மறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மழை முடியும் சமயத்தில் வாந்திபேதி வந்தது. பட்டணத்தில் ஆரம்பித்து, ரயில் பாதையோடு நடந்து, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி வந்தது. இங்கே அடிபம்புக்குப் பக்கத்து வீட்டு நாகம்மாளைச் சாயங்காலம் பிடித்தது, விடிவதற்குள் முடித்துவிட்டது.

அன்று காலை மழையில் துலுக்கானம் கிளம்பத் தாமதமாகிவிட்டது. "நாகம்மா, கீறியா?" என்று கேட்டபோது உள்ளேயிருந்து அழுகைதான் வந்தது. நனைந்துகொண்டே நின்றார். கெங்கம்மாள் போய்க் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

"லேட்டாப் பூட்டேன் கெங்கம்மா" என்றார்.

"வாந்திபேதிண்ணா அது. நீ இன்னா பண்ணுவ?"

"லேட்டாப் பூட்டேன்" என்றார் மறுபடியும். அன்றிலிருந்து கோழி கூவுமுன் கிளம்பினார்.

சங்கம் விழித்துக்கொண்டது. பொதுமக்கள் கூட்டமாகக் கூடக் கூடாது என்று முடிவெடுக்க ஒரு பெருங்கூட்டம் கூட்டியது. வந்தவர்களுக்குத் தட்டில் வெட்டிய அன்னாசிப்பழம் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, வெட்டிய பழங்களை யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். மீந்ததைச் செயலாளர் வாழையிலையில் மடித்து மனைவிக்கு எடுத்துவைத்துக்கொண்டார். தண்ணீரைக் கொதிக்கவைப்பது, பிளீச்சிங் பவுடர், ஒருவருக்கொருவர் கையெட்டாத தூரம் என்று ஒவ்வொன்றாக நிறைவேறிக் கடைசியில் துலுக்கானம் வந்தார்.

"அவர் எல்லா வாயிற்கதவையும் தொடுகிறார். எல்லா இல்லங்களிலும் நீர் அருந்துகிறார்" என்றார் ராஜசேகரன். அது உண்மைதான். கடைசி வரிசையில் நின்றிருந்த கெங்கம்மாளுக்கு மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. "நோய் ஓயும்வரை அவர் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் கீழ்ப்பாக்கத்துக்கு எழுதிப்போட வேண்டியிருக்கும். இது சங்கத்தின் முடிவு."

"வாணாம் சார். நா ஊட்லயே வச்சிக்கிறேன்" என்றாள் கெங்கம்மாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மணியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். தான் வேலை பார்த்த கம்பெனிக்கு லீவு சொன்னாள். அண்ணனிடம், "ஊர்ல வாந்திபேதிண்ணா. எல்லாரும் கதவ சாத்திக்கினு கீறாங்க. நாமளும் சாத்திக்கினு இருப்போம்" என்றாள்.

"யாரு கூப்டுவாங்க?"

"யாரும் வாணாம்ண்ணா. எல்லாரும் கீறாங்க."

"நீ கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. கேட்டதாகப் பொய் சொல்லவும் வரவில்லை.

முதல் நாள் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வரிசையாகப் பெயர்களைச் சொன்னார். சுவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் மாத்திரையைத் துப்பினார். சோற்றைத் தொடவில்லை. அடங்கிக் கிடந்த குரல் எங்கேயும் போய்விடவில்லை, திண்டாட்டம் பார்த்துத் திரும்பிவந்து தலைமாட்டில் குந்திக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கெங்கம்மாளைக் கலங்கடித்தது.

விடியற்காலையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தாள். கொல்லையில் துலுக்கானம் வேட்டியோடு நின்று தலையில் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டார். "பேபி பூட்டா" என்றார். இன்னொரு சொம்பு. "நாகப்பன் பூட்டான்." சாவுச் சேதி கேட்டால் தலைமுழுகுவதுதானே முறை? அவர் முறை தவறாதவர். கோவில்பதாகை முழுக்க ஒருவர் விடாமல், வீட்டு வரிசை மாறாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு சொம்பு வீதம் தலைமுழுகிக்கொண்டிருந்தார். அவள் விறகு எரித்துக் காய்ச்சி ஆறவைத்திருந்த குடிதண்ணீர் அத்தனையும் அதில் போயிற்று. சுகாதார முறைப்படி காய்ச்சிய தண்ணீரில் துக்கம் காத்தவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

சொம்பைப் பிடுங்கினாள். அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. முந்தானையால் தலையைத் துவட்டினாள். துவட்டிய கைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"கெங்கம்மா, கீறியா?"

"கீறேண்ணா."

"நீ ஒருத்திதானா?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

கெங்கம்மாள் அவருக்கு உலர்ந்த வேட்டியைச் சுற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனாள். அங்கே பெண்கள் கையெட்டாத தூரத்தில் நின்று, வாயெட்டும் தூரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நகர்ப் பக்கம் நேற்று ஆம்புலன்ஸ் வந்ததாம், எந்த வீட்டுக்கு என்று தெரியவில்லையாம். பேபி திரும்பி, "இன்னா கெங்கம்மா, மூஞ்சி இப்டி கீது? அண்ணாத்தே எப்டி கீறாரு?" என்றாள்.

கெங்கம்மாளுக்கு மறைக்கத் தெம்பில்லை. "ஒனக்குத் தலமுழுகிட்டாரு பேபி. காலங்காத்தால" என்றாள்.

"எனக்கா?"

"ஒனக்கு, நாகப்பனுக்கு, இங்க நிக்கற அல்லாருக்கும். யாரும் கீறேன்னு சொல்லலியே. பூட்டீங்கன்னு நெனச்சிகினாரு."

உயிரோடிருக்கும் ஆளுக்கு ஒருவர் தலைமுழுகுவது என்பது சின்ன விஷயமில்லை. பேபி குடத்தைத் தொப்பென்று வைத்தாள்.

"கல்லாட்டம் கீறேன் நானு. எனக்குத் தலமுழுகறதா? இருடீ, நா வந்து கேக்கறேன்."

கொண்டையை முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள். கெங்கம்மாள் காலிக் குடத்தோடு பின்னால் ஓடினாள். வீட்டுக்கு எதிரே, சங்கம் சொன்ன தூரத்தில் நின்றுகொண்டு பேபி கூவினாள்.

"அண்ணாத்தே, பேபி வந்துகீறேன். கேளு என்னிய."

ஜன்னல் கொஞ்சம் திறந்தது. உள்ளே ஒரு கண் தெரிந்தது.

"பேபி... கீறியா?"

"கீறேன் அண்ணாத்தே." அதட்டிக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "நல்லா கீறேன். நீ ஒரு வாய் துன்னு."

கொஞ்ச நேரத்தில் சேதி தெருவெல்லாம் பரவியது. எல்லாரும் வந்தார்கள். பாசத்தால் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் செய்த தலைமுழுக்கை எப்படியாவது ரத்து செய்ய வேண்டும் என்ற கவலையும் அதில் பாதி இருந்தது. ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்காக நின்றதில்லை. கையெட்டாத தூரம் விட்டு, ஒருவர் பின் ஒருவராக ஜன்னலுக்கு எதிரே வந்து நின்று, தாங்கள் உயிரோடிருப்பதைத் தெரிவித்துவிட்டு ஒதுங்கினார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். நாகப்பன் அன்று குடிக்காமல் வந்து, "கீறேன் மாமே. இன்னிக்கி எனக்கே தெரியுது" என்றான்.

கெங்கம்மாள் அரிசிப் பானைக்குள் கைவிட்டு மணியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தரம் அடித்தார். நடுநடுவே அவள் ஒரு உருண்டை சோற்றை நீட்ட, கவனமில்லாமல் வாங்கி விழுங்கினார்.

அப்போதுதான் வரிசையின் கடைசியில் ராஜசேகரன் நிற்பதைக் கெங்கம்மாள் பார்த்தாள். அவள் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. கூட்டம் கூடிவிட்டது, மணி அடித்தாயிற்று, பார்த்தும்விட்டார். இனிக் கீழ்ப்பாக்கத்துக்கு எழுத அவருக்கு ஒரு கார்டு போதும். 'உட மாட்டேண்ணா' என்று பஸ்ஸில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. வரிசை தானாகவே பிளந்து செயலாளருக்கு வழிவிட்டது.

அவர் முன்னால் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, போட்டபடியே படுத்த சட்டை. சவரம் செய்யவில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றார்.

மணி அடித்தது. "ராஜசேகரா, கீறியா?"

பழக்க தோஷம், ஊரே பத்மாவின் குரலுக்குக் காத்திருந்தது. அது வரவில்லை.

"பத்மா எங்க? அவதான சொல்லுவா?" என்றார் துலுக்கானம்.

"தண்டையார்பேட்டை தொத்துநோய் ஆஸ்பத்திரில. நேத்து கொண்டு போய்ச் சேர்த்தேன். குளுக்கோஸ் ஏத்திக்கினு கீறாங்க. என்னை உள்ள வுட மாட்டேங்கறாங்க" என்றார் ராஜசேகரன். அத்தனையிலும் செந்தமிழ் ஒரு வார்த்தை இல்லை. சங்கம் இதைக் கவனிக்கவில்லை. "அந்த அன்னாசிய நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன்."

துலுக்கானம் தலையை ஆட்டினார். தன்னால் போன உயிர் என்று ஒருவன் நினைப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நீங்க ஒரு தரம் அவளக் கூப்டுங்க" என்றார் ராஜசேகரன்.

துலுக்கானம் தங்கையைப் பார்த்தார். கெங்கம்மாள் தாழ்ப்பாளைத் திறந்தாள். அவர் தெருவில் இறங்கி, எந்தப் பக்கம் என்று யோசித்துக் கிழக்கே திரும்பி நின்றார். ஏரிக்கரைக்கு அப்பால் அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. நடுவே அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் எல்லாம் கிடந்தன. மணியை நீளமாக அடித்தார்.

"பத்மா... கீறியா?"

பதில் வராவிட்டால் அவர் நகரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். பேபி வாயைத் திறந்து மூடினாள். துலுக்கானம் கிழக்கே பார்த்தபடி காத்திருந்தார்.

"அவ..." என்றார் ராஜசேகரன். "அவ கீறா, போப்பா."

துலுக்கானம் போகவில்லை. திரும்பி அவரைப் பார்த்தார்.

"நீ?"

"கீறேன்" என்றார் செயலாளர்.

(பத்மா அடுத்த வாரம் இளைத்துக் கறுத்து வந்து இறங்கினாள். வந்தவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, தான் இல்லாத நாட்களில் கணவருக்கு யார் சாட்சி சொன்னது என்பது. அவளுக்கு இன்றுவரை தெரியாது.)

ராஜசேகரன் போவதற்குத் திரும்பினார். நான்கு அடி வைத்துவிட்டு நின்றார். கெங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவரை வரச்சொல்லும்மா. கேட்டைத் தொட வேண்டாம். தெரு நடுவுல நின்னு கேட்டாப் போதும். தண்ணி வேணும்னா ஊட்லேர்ந்து..." ஊட்லேர்ந்து என்று சொல்லிவிட்டதைக் கவனித்து, அதைத் திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்து, விட்டுவிட்டார். "ஊட்லேர்ந்து கொண்டாரட்டும்."

வரிசை கலையத் தொடங்கியது. பாதித் தூரம் போன நாகப்பனுக்கு அப்போதுதான் அது தோன்றியது. இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றாதது, குடிக்காத ஒரு நாளில் அவனுக்குத் தோன்றியது.

"அது கெடக்கட்டும் மாமே. நீ கீறியா?"

துலுக்கானம் திகைத்துப்போனார். மணியைப் பார்த்தார். கிழக்கே பார்த்தார். அவர் எடுத்த கணக்கில் அந்த ஒரு பெயர் எப்போதும் இருந்ததில்லை. பதில் தெரியாத பிள்ளை மாதிரி வாசலுக்கு வந்து தங்கையின் முந்தானை நுனியைப் பிடித்தார்.

கெங்கம்மாள் தெருவைப் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை அவள் குரல் அவளுக்கும் கேட்டது, செந்தமிழ் நகர் வரைக்கும் கேட்டது.

"கீறாரு, போப்பா. இங்கதான் கீறாரு."